போட்டோவில் குல்லாவோடு இருப்பது நான்தான்

குன்னம்
4.2.2002

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குருமூர்த்தி அவர்களுக்கு, குன்னம் வீரமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் ராசாத்தியும், கறவை மாடும் கன்றும் சுகம். ஜயங்கொண்டம் பக்கம் ஊரில் தங்கள் தாயார் பொன்னம்மாள் அவர்களும், என் தங்கை சசிகலாவும், குழந்தை மேகலாவும் சுகம். வெங்காயத்தைக் காயவைத்துப் பட்டறையில் சேர்த்து வைத்தாகிவிட்டது, அழுகல் அதிகமில்லை. பருத்தி சுமார். கடைசி நேரத்தில் லீவு ரத்தாகி, பெற்ற பிள்ளையின் மொட்டைக்கே வர முடியாமல் அந்தப் பனியில் தாங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்று எங்களுக்கெல்லாம் மனக்கவலைதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மேலே சொன்ன எங்கள் சுகத்தில் என் தலையை மட்டும் நான் சேர்க்கவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை நடந்த மொட்டை விசேஷத்தின் போட்டோவை சசிகலா தங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. போட்டோ தங்கள் கைக்கு வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்பதற்காக குன்னத்துத் தபால்பெட்டியை நம்பாமல் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்ப் போடுவதாக இருக்கிறேன். அந்தப் போட்டோவில் நட்டநடுவில், மஞ்சள் துணியில் வாத்துப் படம் போட்ட குல்லாவைத் தலையில் மாட்டி, நாடாவைத் தாடைக்குக் கீழே பூப்போல முடிந்து, பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் யாரோ வேஷக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நான்தான். ஒரு பக்கத்து வாத்துகள் நேராக நீந்துவதும் மறுபக்கத்து வாத்துகள் தலைகீழாகக் கிடப்பதும் போட்டோக்காரர் செய்த கோளாறு இல்லை. அதையும் நான்தான் செய்தேன். ஏன், எப்படி என்பதை மற்றவர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்வதற்கு முன்னால் நான் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

மார்கழிக் கடைசியில் சசிகலாவிடமிருந்து கடிதம் வந்தது. தை வெள்ளிக்கிழமை தங்கள் குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு முதல் மொட்டை, மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், சீர்வரிசையோடு வந்துவிடு என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை, எனக்கு இருப்பது ஒரே தங்கை, அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையை நான் கடைசியாகக் கையில் வாங்கியது தொட்டிலில் போட்ட அன்றைக்கு. அதற்கப்புறம் அவளை நீங்கள் வடக்கே கொண்டுபோய்விட்டீர்கள், தப்பு இல்லை, பட்டாளத்து உத்தியோகம் அப்படி. போனில் பேசச் சொன்னால் இந்தியில் 'நஹி', மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எனக்கு அர்த்தம் தெரியும். இந்த மொட்டையிலாவது பிள்ளை என் மடியில் உட்கார்ந்து, இவன் நம்ம மாமன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எத்தனை ஆசைப்பட்டேன் என்பது ராசாத்திக்குத்தான் தெரியும். அதனால் கடிதத்தில் கேட்டது எதுவாக இருந்தாலும் செய்துவிடுவது என்று படிக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். அது என் முதல் தவறு.

கேட்டிருந்தது ஒரு குல்லா. மொட்டை போட்ட தலையோடு பிள்ளையை மறுபடியும் அந்தக் குளிருக்குக் கூட்டிப்போக வேண்டும், கம்பளிக் குல்லா போட்டால் தோல் தடித்துப் போகிறது, அதனால் மெத்தென்ற பருத்தித் துணியில், காதும் பிடரியும் மூடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு குல்லா மாமன் சீரோடு சேர்ந்து வந்தால் நன்றாக இருக்கும் என்று தங்கள் தாயார் அபிப்பிராயப்படுவதாக எழுதியிருந்தாள். தங்கள் தாயார் அபிப்பிராயப்பட்டால் அது எங்கள் வீட்டில் உத்தரவு. கடிதத்தின் அடியில், 'இத்துடன் நூல் வைத்திருக்கிறேன், பத்திரம்' என்று ஒரு வரி. மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு நீளமான சிவப்பு நூல். வடக்கேயிருந்து தங்கச்சி சிவப்பு நூல் அனுப்பினால் ஒரு மனுஷன் என்ன நினைப்பான், நீங்களே சொல்லுங்கள். அங்கே மலைமேல் ஏதோ அம்மன் கோயில் இருக்கிறது, அண்ணன் பேருக்கு அர்ச்சனை பண்ணிக் கயிறு அனுப்பியிருக்கிறாள் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குளித்து விபூதி பூசிக் கிழக்கே பார்த்து நின்று, ராசாத்தியை விட்டு வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழவே கூடாது என்று முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போடச் சொன்னேன். கட்டின மறுநாளே இடுப்புவலி குறைந்துபோனது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்கா வீட்டுக்கு போன் வந்தது. எங்களுக்கு வருகிற போனெல்லாம் அங்கேதான் வரும் என்பது தாங்கள் அறிந்ததே. சசிகலா பேசினாள்.

"அண்ணே, நூலு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. அன்னைக்கே கையில கட்டிட்டேன். நல்ல சக்தி இருக்கு."

 போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அது மேகலா தலை அளவுண்ணே. குல்லாவுக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ராசாத்தியிடம் சொன்னால் அவள் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிக்கிறதற்குத்தான். வெளியே வந்ததும் அவளிடம் கத்தரிக்கோல் கேட்டேன். தலை அளவோ கால் அளவோ, சாமியை நினைத்துக் கட்டினது சாமி கயிறுதான், அதைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற பாவம் என் கையால் நடக்காது என்றுவிட்டாள். பல்லால் கடித்துப் பார்த்தேன். ஊறவைத்துப் பார்த்தேன். கடைசியில் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சவரபிளேடால் நானே அறுத்தேன். முடிச்சு முடிச்சாக நூலில் பாதி போய்விட்டது. மிச்சத்தை நீட்டி வைத்தால் அது பிள்ளையின் தலைக்கா, எலுமிச்சம்பழத்துக்கா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் போன் போட்டு அளவு கேட்கலாம்தான். கேட்டால் இந்தக் கதை தங்கள் தாயார் காதுக்குப் போகும். ஆகவே குத்துமதிப்பாகக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

இதற்கெல்லாம் டெய்லர் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறார். பொங்கல் நெருக்கத்தில் டெய்லரிடம் குல்லா தைக்கச் சொல்லி நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் வாயில் ஊசியும் கையில் நாலு பேர் சட்டையுமாக, தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்ததும் கல்யாண ஜாக்கெட் வந்துவிட்டது, மாசி பிறக்கட்டும் என்றார். என் பெண்டாட்டிக்கே மிஷின் இருக்கிறதே என்றும் தாங்கள் கேட்கலாம். அதுதான் சங்கடம். தங்கள் கல்யாணத்துக்கு அடுத்த தீபாவளிக்கு ராசாத்தி ஆசை ஆசையாக சசிகலாவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். சசிகலா போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணி, எனக்கு ரெண்டு கையும் ஒரே நீளம்னு உங்களுக்குத் தெரியாதா என்று விளையாட்டாகக் கேட்டாள். விளையாட்டுத்தான். ஆனால் நாத்தனார் விளையாடினால் அது விளையாட்டாகவா இருக்கும்? அன்றைக்கே ராசாத்தி, இனி உங்க தங்கச்சி வூட்டுக்குன்னு நான் மிஷின்ல கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள், இன்றுவரை சொன்ன சொல் தவறவில்லை. மிஷினை நான் உபயோகித்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்றாள். உங்கள் சீர், உங்கள் மருமகள், நீங்களே தைங்க என்றாள். சரி, ஒரு குல்லா தைக்க என்ன பெரிய வித்தை வேண்டும் என்று நானும் துணிந்து இறங்கினேன்.

பெரம்பலூர் போய் மஞ்சள் பிளானல் துணி, வாத்துப் படம் போட்டது, கை வைத்தால் கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருக்கும், அதை வாங்கி வந்தேன். பக்கத்துக்கு ஒரு துண்டு, நடுவில் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு பட்டை, அவ்வளவுதான் குல்லா. பக்கத்துண்டு இரண்டையும் வெட்டினேன். ராசாத்தி திண்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தைக்க மாட்டேன் என்றுதான் சொன்னாளே தவிர பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடம் நேராகச் சொன்னால் உதவி செய்த மாதிரி ஆகிவிடும் என்று மாட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "ஏன் லெட்சுமி, ஒரு சில பேருக்கு ரெண்டு காதும் ஒரே பக்கமா இருக்குமோ?" மாடு பதில் சொல்லவில்லை. நான் துண்டுகளை எடுத்து எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். இரண்டும் இடது காதுக்கு வெட்டியிருந்தேன். ஒன்றைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் வாத்து உள்பக்கம் போய்விடும். சரி, வலது காதுக்குப் புதிதாக ஒன்று வெட்டு என்று மிச்சத் துணியை மடக்கி வெட்டினேன். அவசரத்தில் துணி தலைகீழாக இருந்ததைக் கவனிக்கவில்லை. வலது பக்கத்து வாத்தெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டது அப்படித்தான். தண்ணீருக்குள் தலையை விட்டு அது இரை தேடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிஷின் விஷயத்தில் நான் என்னைப் புகழ்ந்துகொள்ள மாட்டேன். கால் முன்னே போனால் சக்கரம் பின்னே போனது. நூல் அறுந்தது, கோத்தேன், மறுபடியும் அறுந்தது. நூலை எதிர்ப்பக்கத்திலிருந்து கோக்கிறவர்களும் இருக்கிறார்கள் போல என்று ராசாத்தி கன்றுக்குட்டியிடம் சொன்னதற்கப்புறம்தான் ஓடியது. ஓட ஆரம்பித்ததும் எனக்கு ஒரே உற்சாகம், சைக்கிள் இறக்கத்தில் போகிற மாதிரி, நிறுத்த மனசு வரவில்லை. அடித்தேன் பாருங்கள் ஒரு தையல், சுற்றிச் சுற்றி. முடித்து எடுத்துப் பார்த்தால் முகம் வருகிற வாயையும் சேர்த்துத் தைத்திருந்தேன். நாலு பக்கமும் மூடிய நல்ல பை. பிரித்தேன். பிரித்துத் தைத்ததைச் சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. தையலுக்குள் துணி போகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அது இப்போது எங்கள் வீட்டில் விதை வெங்காயம் கட்டி வைக்க உதவுகிறது, வீணாகவில்லை.

அப்புறம் வெட்டினதுதான் போட்டோவில் தாங்கள் பார்க்கப்போவது. இந்தத் தடவை ஜாக்கிரதையாகத் தையலுக்கு விட்டேன். முடிச்சில் போன நூலுக்கு விட்டேன். பிளானல் துவைத்தால் சுருங்கும் என்று கடைக்காரர் சொன்னார், அதற்கும் விட்டேன். எல்லாம் விட்டபிறகு, வளர்ற பிள்ளை, இன்னும் ரெண்டு வருஷம் போடட்டும் என்று அதற்கும் ஒரு சாண் விட்டேன். வாத்து மறுபடி தலைகீழாகத்தான் விழுந்தது, துணி அவ்வளவுதான் இருந்தது. நாடாவை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளை இழுத்தால் பிய்யக் கூடாது என்று குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்தேன். லாரியில் தார்ப்பாய் கட்டலாம். மாட்டிப் பார்க்கத் தலை வேண்டுமே, சொம்பு போதவில்லை, பரங்கிக்காய்க்கும் தொளதொள என்று இருந்தது. வளர்ற பிள்ளை என்று மறுபடியும் சொல்லிக்கொண்டேன். ராசாத்தி மாட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிள்ளை வந்த அன்றைக்கு அரியலூர் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கின பிள்ளை என் மீசையைப் பார்த்தாள், சசிகலாவின் சேலைக்குள் போய்விட்டாள். என் பெரியப்பா மகன் சின்னதுரையும் வந்திருந்தான். அவனைத் தாங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், பந்தியில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டே சிரித்துக்கொண்டிருப்பான். அவன் சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், முகத்தில் மீசை இருக்காது. ஒரு நிமிஷத்தில் பிள்ளை அவன் தோளில் ஏறிவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னே போகிறான், சொந்தத் தாய்மாமன் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னே போகிறேன். எனக்கு வயிறு எரிந்தது மாப்பிள்ளை, பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முந்திரிக்காட்டுக்குள் தங்கள் அய்யனார் கோயில் வாசலில் எல்லோரும் கூடினோம். பொங்கல் வைத்தாகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் மொட்டை ஆரம்பித்துவிட வேண்டும் என்று தங்கள் தாயார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் சீர்த்தட்டுகளை வரிசையாக இறக்கினேன். பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, கால் கொலுசு, எல்லாவற்றுக்கும் மேலே குல்லா. பிள்ளை பாவாடையைப் பார்க்கவில்லை, கொலுசைப் பார்க்கவில்லை. வாத்தைப் பார்த்தாள். நேராக வந்து குல்லாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அது நெற்றி தாண்டி, கண் தாண்டி, மூக்கு தாண்டி, தாடையில் வந்து நின்றது. சுற்றியிருந்த சனமெல்லாம் சிரித்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், முகத்தில் இருட்டு விழுந்ததும் பிள்ளை பயந்து கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவளுக்குத் தெரியாத இத்தனை முகங்களுக்கு நடுவில் உள்ளே போய் ஒளிந்துகொள்ள ஒரு வீடு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளேயே இருந்துகொண்டாள். கழற்றவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மொட்டை அடிக்க வந்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குல்லாவைக் கழற்றினால்தானே தலை? சசிகலா கெஞ்சினாள். உள்ளேயிருந்து 'நஹி'. ராசாத்தி கொஞ்சினாள். நஹி. நான் மடியை விரித்து உட்கார்ந்து, வாடா கண்ணு, மாமாகிட்ட வாடா என்றேன். குல்லா அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. லேசாக மேலே தூக்கிப் பார்த்தோம், காடே அதிர்கிற மாதிரி ஓர் அலறல். அப்போதுதான் தங்கள் தாயார், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, நேரம் போகிற கவலையில்தான், இப்படிச் சொன்னார்கள்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. புள்ள உங்ககிட்ட ஒட்டல. சின்னதுரையும் மாமன் முறைதான. அவரு மடியில வச்சுக்கட்டும், நேரம் போவுது."

 சின்னதுரை பாவம், நல்லவன், என் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். எல்லோரும் சொல்லவும் உட்கார்ந்தான். நான் எழுந்து நின்றேன். அவன் மிட்டாயை நீட்டினான். குல்லாவுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, மிட்டாயை வாங்கியது, உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். இன்னொன்று நீட்டினான், அதுவும் போனது. குல்லா மட்டும் கழறவில்லை. நேரம் பத்தைத் தாண்டிவிட்டது.

சசிகலா கடைசி முயற்சியாக, பாப்பா, இந்தக் குல்லா மொட்டை போட்டவங்களுக்குத்தான், மொட்டை போடாதவங்க போடக் கூடாதுன்னு அம்மா சொன்னேன்ல என்றாள். ஒரு மாதமாகவே அப்படிச் சொல்லித்தான் பிள்ளையைத் தயார் பண்ணியிருக்கிறாள். குல்லாவின் முன்பக்கம் கொஞ்சம் மேலே தூக்கியது. அடியில் ஒரு கண். அந்தக் கண் கூட்டத்தில் ஒவ்வொருவர் தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முடி இருந்தது. "மொட்டை எங்க?" என்றாள். நியாயமான கேள்வி.  அப்போது ராசாத்தி என் காதோரமாக வந்து, மாட்டிடம் சொல்லாமல் முதல் தடவையாக என்னிடமே சொன்னாள்.

"ஏங்க, நீங்க உக்காருங்க."

மாப்பிள்ளை, என் முடியைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். இந்த வயதில் ஒரு நரை கிடையாது. முன்னால் சுருண்டு நிற்கிற அந்தச் சுருளுக்காக நான் சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போனபோது ராசாத்தி வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, காடு கொஞ்சம், முடி நிறைய என்றுதான் பதில் சொன்னார்களாம். அந்த முடி.  சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் விழுந்தது, கத்தி இறங்கியது, முன்சுருள் என் மடியில் வந்து விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குல்லா ஓர் அடி முன்னால் வந்தது. நின்றது. இன்னோர் அடி வந்தது. பாதித் தலை ஆகும்போது பிள்ளை சசிகலாவின் சேலையை விட்டிருந்தாள். முழுத்தலையும் ஆனபோது என் எதிரில் நின்றாள். ஒரு விரலை நீட்டி என் உச்சந்தலையைத் தொட்டாள். உடனே எடுத்துக்கொண்டாள். மறுபடி உள்ளங்கையை முழுசாக வைத்துத் தடவிப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் யாரும் சொல்லாமல் அவளே இரண்டு கையாலும் குல்லாவைக் கழற்றினாள். என் தலையில் வைத்து, காது மூடுகிறவரை இழுத்துவிட்டாள்.

"மாமா மொட்டை. குல்லா மாமாவுக்கு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவிடம் நாடாவைக் கட்டச் சொன்னாள். கட்டினதும் சின்னதுரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் மடியில் ஏறி என் முகம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மொட்டை அடிக்கிறவர் விட்டார் பாருங்கள் கத்தியை, ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூமுடி இறக்கிவிட்டார். அவளோ தலையில் என்ன நடக்கிறது என்றே கவனிக்காமல் என் குல்லாவில் இருக்கிற வாத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழ் வாத்துகளைத்தான் அதிகம் தொட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரர் எடுத்தார். குல்லா எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது என்பதையும் அப்போதுதான் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். தங்கள் தாயார் கிட்டே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் தச்சிருக்கீங்க தம்பி, அடுத்த தடவை புள்ளைக்கும் ஒண்ணு தைங்க என்றார்கள். பந்தி முடிகிறவரைக்கும் இறுகிப்போன நாடாவை அவிழ்க்கவும் முடியவில்லை, பிய்க்கவும் முடியவில்லை. நான் போட்ட தையல் அப்படி. குல்லாவோடுதான் சாப்பிட்டேன்.

இதுதான் நடந்தது. இனி தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், போட்டோ வந்ததும் தாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிள்ளையை மட்டும் தனியாக வெட்டி வைத்துக்கொண்டு என்னைக் கிழித்துப் போட்டுவிடவும். முக்கியமாக, தங்கள் கம்பெனியில் இருக்கும் அந்தப் பூலாம்பாடிக்காரர் கண்ணில் அது படவே கூடாது. அவர் வாராவாரம் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர் என்று சசிகலா சொன்னாள். பூலாம்பாடியில் எனக்கு வெங்காய வியாபாரம் இருக்கிறது. இந்தச் சேதி அங்கே போய்விட்டால் நான் மூட்டையை இறக்கும்போதெல்லாம் வாத்து மாதிரிக் கத்துவார்கள். மொட்டைத் தலைக்கே குன்னம் கடைத்தெருவில் பதில் சொல்லி மாளவில்லை. மிஷின் பக்கம் இனி ஜன்மத்துக்கும் போக மாட்டேன் என்று ராசாத்தியிடம் சொல்லிவிட்டேன். அந்தக் குல்லாவைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் போட்டுப் பூட்டிவிட்டேன். அதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. பிள்ளைக்குக் கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும். இந்த விஷயத்தை நாம் இத்துடன் மறந்துவிடுவோம்.

தங்கள் தாயாரைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அய்யனார் கிருபையால் தங்களுக்கு ஒரு குறையும் வராமல், மேலதிகாரிகளுக்கு நல்ல மனசு உண்டாகி, சீக்கிரம் லீவு கிடைத்து ஊர் வந்து சேர வேண்டும். அதற்குள் எனக்கும் முடி முளைத்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்
மச்சான் வீரமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இருசம்மாள் அக்கா ஓடிவந்து போன் என்றார்கள். சசிகலா என்று எடுத்தால் அவள் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓடிவிடுவாள் என்று நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம் அந்தப் பக்கமிருந்து, "மாமா, குல்லா போட்டிருக்கியா?" என்று கேட்டாள். போட்டிருக்கேன்டா கண்ணு என்றேன். முடி வளர்ற வரைக்கும் கழட்டாத, குளிரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது இல்லையா? வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டேன். இதை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ராசாத்தி மிஷினில் உட்கார்ந்து நூல் கோக்கிறாள், பிள்ளைக்கு அளவாக ஒன்று தைக்கப் போகிறாளாம். மொட்டைத் தலைக்கு அளவு நூல் சசிகலாவிடம் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் என் கையில் கொடுக்கக் கூடாது என்கிறாள். ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். போட்டோவைக் கிழிக்க வேண்டாம். கிழித்திருந்தால் சோற்றுப்பசை தடவி ஒட்டிவிடவும். பெரிதாக ஒன்று போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்ட நான் இங்கே சொல்லிவிடுகிறேன். பூலாம்பாடிக்காரர் இன்னும் பார்க்கவில்லை என்றால், முதலில் அவரிடம் காட்டவும். ஊருக்கு எழுதும்போது, என் மடியில் உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லவும்.